வாட் எ ஷேம்!

"ஓ, வாட் எ ஷேம்!" என்றாள் துரைசாணி.

சீமையிலிருந்து உக்குவளைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். துரையோடு விடிகாலையில் ஆளெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுப் பார்க்க வந்திருந்தாள். கொழுந்து பறிக்கும் கிருஷ்ணம்மா பிந்தி வந்ததற்குக் காரணம், அவள் கறவை மாடு விடிகாலை மழையில் பள்ளத்தில் விழுந்து செத்தது. அதைத்தான் கிளாக்கர் அழகுமுத்து இங்கிலீஷில் எடுத்துச் சொல்லியிருந்தார்.

"அம்மா என்னங்கய்யா சொல்றாங்க?" கிருஷ்ணம்மா கேட்டாள்.

அழகுமுத்துவுக்கு அந்தச் சொல் தண்ணி பட்ட பாடு. போன தேர்தலில் மாத்தளைக் கூட்டத்தில், எதிராளி பேச எழுந்ததுமே "ஷேம்! ஷேம்!" என்று தொண்டை கிழியக் கத்தியவர் அல்லவா!

"வெட்கக்கேடுங்கிறாங்க! ஒரு மாட்டைக் கட்டத் தெரியல, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு கேக்கிறாங்க!"

பின்பாதி அவரே சேர்த்துக்கொண்டது. சும்மா சொன்னால் மொழிபெயர்ப்பு எடுபடுமா?

பெரட்டுக்களமே சிரித்தது. கிருஷ்ணம்மா துரைசாணியைக் கும்பிட்டுவிட்டு, கூடையோடு மலை ஏறினாள்.

நாலு நாள் கழித்து, பங்களா வாசற்படியில் புதுச் சப்பாத்து வழுக்கி அழகுமுத்து தடாலென்று விழுந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம்.

"ஓ, வாட் எ ஷேம்!" துரைசாணி ஓடி வந்தாள்.

அழகுமுத்து நடுங்கிப்போனார். "சாரி மேடம்! இனிமே விழமாட்டேன் மேடம்!"

அவளோ அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். தானே குனிந்து காயத்தைத் துடைத்து, மருந்து போட்டுக் கட்டினாள். வாய் மட்டும் "வாட் எ ஷேம்... வாட் எ ஷேம்..." என்று ஓயவில்லை.

மூன்றாவது தடவைதான் அவருக்கு உறைத்தது. அடச்சே! அது 'ஐயோ பாவம்' அல்லவா!

மருந்தைவிட அதுதான் எரிந்தது. 'பெரிய இங்கிலீஷ் புலி!' என்று தன்னையே திட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி கிருஷ்ணம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனார்.

"கிருஷ்ணம்மா, அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். அம்மா உன்னை ஏசல. பாவம்னுதான் சொன்னாங்க."

"தெரியுங்கய்யா."

"தெரியுமா? உனக்கு ஏது இங்கிலீசு?"

"எனக்கு ஏதுங்க! நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க. நான் அம்மா மூஞ்சியைப் பாத்தேன். கண்ணு ரெண்டும் கலங்கியிருந்திச்சு. கண்ணு கலங்கிக்கிட்டு யாராச்சும் ஏசுவாங்களா?"

"அப்ப அங்கேயே சொல்றதுக்கென்ன? அத்தனை பேரும் உன்னைப் பாத்துச் சிரிச்சாங்களே!"

கிருஷ்ணம்மா அவர் உட்காரப் பலகையை எடுத்துப் போட்டாள்.

"சொல்லியிருந்தா உங்களைப் பாத்துத்தானுங்கய்யா சிரிச்சிருப்பாங்க. நீங்க தாங்குவீங்களா?"