தூளிக்குக் கீழே

"பூச்சிங்க, பெரிய பூச்சி! கொழந்தை தூங்கற தூளிக்குக் கீழ கெடக்குது…" "ஐயோ அத்தை, பாம்புன்னு சொல்லுங்க!" "வெளக்கு வெச்ச பொறகு அந்தப் பேரைச் சொல்லாதடி, அதோட சோடியும் வந்திரும்!" மாமியாரும் மருமகளும் அறை வாசலில் நின்றபடி ஒரே கைபேசிக்கு முட்டிக்கொண்டார்கள். எதிர்முனையில் யசோதா கொக்கிக்கம்பையும் பையையும் எடுத்துக்கொண்டிருந்தாள். பாம்பு மீட்கும் தன்னார்வலர் குழுவில் போன மாதம்தான் சேர்ந்தாள். தனியாகப் போவது இதுவே முதல் தடவை. எந்தப் பாம்பென்று தெரிந்தால் தேவலை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, "எட்ட நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்கம்மா" என்றாள். "அதுதான் படம் எடுத்துட்டு நிக்குதே, நீ வேற எடுக்கச் சொல்றியா!" என்று மாமியார் சீறினாள். யசோதாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்லபாம்பு என்று உறைத்ததும் அவசரமாகச் செருப்பை மாட்டினாள். "சரிங்கம்மா, கொழந்தை அப்படியே தூங்கட்டும். நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க, தூளியைத் தொடாதீங்க." இருவரும் ஒருவழியாக வாயை மூடினார்கள். அந்த அமைதியில், தூளி மாட்டிய கம்பி கிறீச் கிறீச்சென்று அசைவது யசோதாவுக்குக் கைபேசியில் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, யாரு தூளியை ஆட்டறது?"