பால்கனிக் கம்பி

பால்கனித் தளத்துக்குக் கட்டிய கம்பி கீழே இறங்கிவிட்டது.

அதுவும் தளம் போடுகிற அன்று. கான்கிரீட் பம்பு வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு.

அஜ்லூன் மலையில் அபூ ஹாயெல் தன் மகனுக்காக எழுப்புகிற மாடி அது. மாடி முடிந்தால்தான் கல்யாணம். தளம் போடுவதைப் பார்க்கப் பெண் வீட்டார் பதினோரு பேர் ஜெரஷிலிருந்து வந்திருந்தார்கள். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பி கட்டும் மேஸ்திரி அத்ரீஸ் இறங்கி வந்தார். எகிப்துக்காரர். அபூ ஹாயெல் காபியை நீட்டினார். அத்ரீஸ் வாங்கினார். குடிக்கவில்லை. கோப்பையைத் தரையில் வைத்தார்.

பேச்சு நின்றது. அந்த மலையில் அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். போன மாதம் பெண் கேட்கப் போனபோது அபூ ஹாயெலும் அப்படித்தான் வைத்தார்.

"என்ன மேஸ்திரி, நீயும் பொண்ணு கேக்க வந்தியா?" என்றான் பம்பு ஓட்டுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அரை மணி நேரம் கேக்க வந்தேன். கலவையை உள் ரூம்லேர்ந்து கொட்டுங்க. பால்கனியைக் கடைசியா வச்சுக்கலாம். மேல் கம்பி இறங்கிக் கிடக்கு, தூக்கிக் கட்டணும்."

"காலையில இன்ஜினியரம்மா பார்த்துட்டு சரின்னாங்களே?"

"நான் கட்டினது லூசு ஹாஜி. என் தப்பு."

சம்பந்தி முன்னால் இப்படியா? அபூ ஹாயெலுக்குச் சுருக்கென்றது.

"முப்பது வருஷமா கம்பி கட்டுறேன்னு பீத்திக்கிட்டியே, இதான் லட்சணமா? என் மருமக நிக்கப்போற பால்கனிய்யா அது!"

"அதனாலதான் கேக்குறேன்."

"குடி. கேட்டதைக் கொடுத்தேன்." கோப்பையை வைத்துவிட்டானே என்று சொன்னார். மனசாரச் சொல்லவில்லை.

"கொஞ்சம் நல்ல ஆளாப் பாத்திருக்கலாம்," என்றார் சம்பந்தி.

"அடுத்த தளத்துக்கு இவன் கிடையாது."

அத்ரீஸுக்குக் காது கேட்கும். காபியைக் குடித்தார், படியேறிப் போய்விட்டார்.

அரை மணி நாற்பது நிமிஷமானது. இன்ஜினியர் சுஹா திரும்பி வந்து, மேலே போய்ப் பார்த்து, தலையாட்டிய பிறகே பால்கனியில் கலவை விழுந்தது.

இறங்கி வந்தவளை அபூ ஹாயெல் ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஆளை மாத்திடலாமா இன்ஜினியரம்மா? கட்டத் தெரியல அவனுக்கு."

"யார் சொன்னது?"

"அவனே சொன்னான்."

சுஹா கையை நேராக நீட்டிக் காட்டினாள். "பால்கனி இப்படி நீட்டின கை மாதிரி. பிய்யுறதுன்னா தோள்கிட்ட மேல் பக்கம்தான் பிய்யும். அதனாலதான் கம்பி மேல இருக்கணும். அடியில போச்சுன்னா இருந்தும் இல்லாத மாதிரி. சென்ட்ரிங் பிரிக்கிற அன்னிக்கே விழும்."

"அதைத்தான சரியா கட்டல அவன்?"

"கட்டு ஒண்ணுகூட அவிழல. அடியில கம்பியைத் தாங்குற சின்ன இரும்புச் சேர்தான் மொத்தமா நசுங்கிக் கிடந்தது. மேல ஒரு பத்துப் பேராவது ஒண்ணா ஏறி நின்னிருக்கணும். யாரு அது?"

அபூ ஹாயெல் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார்.

காலையில் சுஹா பார்த்துவிட்டுப் போன பிறகு, பள்ளத்தாக்கு அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்று பதினோரு பேரையும் பால்கனிக் கம்பிமேல் வரிசையாக நிறுத்தியவர் அவர்தான். "பயப்படாதீங்க, இரும்பு" என்று குதித்தும் காட்டினார்.

மாடிக்குப் போனார். அத்ரீஸ் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நாங்கதான்னு உனக்குத் தெரியுமா?"

"உங்க எல்லார் பூட்ஸ் மண்ணும் கம்பியெல்லாம் ஒட்டியிருந்துதே ஹாஜி."

"ஏன்யா சொல்லல?"

"அந்தப் பொண்ணு இன்னும் வீட்டுக்கே வரல. அதுக்குள்ள அவ ஆளுங்க கால் பட்டு வீடு கெட்டுதுன்னு ஒரு பேச்சு எதுக்கு? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. என் பேரு கெட்டா நான் அடுத்த ஊருக்குப் போய்க் கட்டுவேன். அவ எங்க போவா?"

அபூ ஹாயெல் கை துடைக்கத் தன் துண்டை நீட்டினார். பிறகு, "சாப்பிட வா," என்றார்.

பெரிய தட்டில் சோறும் தயிர்க்குழம்பில் வெந்த ஆட்டுக்கறியும் வந்தன. சம்பந்திக்கு எதிரே, தன் பக்கத்தில், அத்ரீஸை உட்கார வைத்தார். சம்பந்தி புருவத்தைத் தூக்கினார்.

"எப்படியோ பால்கனி தப்பிச்சுது. வேற ஆளைக் கூட்டிட்டு வந்து கட்டினீங்களா?"

அபூ ஹாயெல் நல்ல கறித்துண்டாகப் பிய்த்து எடுத்தார்.

"கம்பி மேல ஏறிக் குதிச்சுக் கெடுத்தவன் நான், சம்பந்தி. நான் ஒருத்தன்தான். பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு அதைச் சரி பண்ணினவர்..."

கறியைப் பக்கத்திலிருந்தவர் முன்னால் வைத்தார்.

"மேஸ்திரி அத்ரீஸ்."