ஸ்பீடு சார்ட்

"திருட்டு நெட்டு பாக்கறவனுக்கு இவ்ளோ நெஞ்சழுத்தமா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தார் கொளஞ்சிநாதன். கையில் நாலாய் மடித்த ஒரு தாள்.

அவர் மகள் சத்யப்பிரியாவுக்குப் பத்து நாளில் பேங்க் பரீட்சை. தினமும் லேப்டாப்பில் மாதிரித் தேர்வு எழுதுகிறாள். நெட் ஒரு நேரம் பறக்கும், ஒரு நேரம் நொண்டும்.

கொளஞ்சிநாதன் விட்டாரா? மோடத்தை அணைத்துப் போட்டார். ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து தூக்கி பீரோ மேல் வைத்தார். வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். கொஞ்சம் தேறினாற்போல் இருக்கும், திரும்பப் படுத்துக்கொள்ளும்.

"விடுங்கப்பா, நான் சமாளிச்சிக்கறேன்" என்றாள் சத்யா.

விடுகிற ஆளா அவர்? மைன்ஸில் முப்பது வருஷ பர்மனென்ட். மெஷின் நின்ற நேரத்தைப் பார்த்தே எந்த ஷிஃப்ட் ஆளின் கைங்கர்யம் என்று சொல்லிவிடுவார். அதே கணக்கில் காலை, மதியச் சாப்பாட்டு நேரம், மாலை என்று மூன்று வாரம் மகளின் லேப்டாப்பில் ஸ்பீடை அளந்து சார்ட் போட்டார்.

ஆள் சிக்கிவிட்டான். பக்கத்து வீட்டில் உள்வாடகைக்கு இருக்கும் அன்புச்செல்வன், அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். அவனுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் இங்கே மாலையில் ஸ்பீடு விழுந்தது. மதிய ஷிஃப்ட் என்றால் காலையில் விழுந்தது. அவன் வீட்டில் இருந்தால் இவர் வீட்டு நெட் அவுட். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"டூட்டி முடிஞ்சி வந்து போன்ல என்னா பண்ற?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அன்புச்செல்வன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். "தெருக்கூத்து வீடியோ பாப்பேன் சார்."

"ஒத்துக்கினான் பாரு! என் நெட்டுல உனக்குக் கூத்தா?"

"அப்பா, நீ ஒக்காந்து சாப்புடு." லேப்டாப் முன்னால் இருந்த அவன் மகள் கார்முகில் எழுந்து வந்தாள். "உங்க நெட்ட நாங்க தொடல சார்."

"பின்ன, கான்ட்ராக்ட்காரன் வூட்டுக்கு ஏது நெட்டு?"

"ஏன், கான்ட்ராக்ட்காரன் வூட்டுக்குக் கரண்டு வரல? எங்கப்பா கேபிள்காரர்கிட்ட சொல்லிப் போட்டுக் குடுத்தாரு. தோ, அதான் பெட்டி."

ஜன்னலோரம் ஒரு சின்னப் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கொளஞ்சிநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அதுதான் என் லைன உறிஞ்சிக்கினு கெடக்குது! மொதல்ல அத அணை."

கார்முகில் மணியைப் பார்த்தாள். "ஏழரைக்கு அணைக்கறேன் சார். இப்ப வேணாம்."

"அதுக்குள்ள எதை மறைக்கப் போற?"

"எதையும் மறைக்கல. இப்ப வேணாம்னா வேணாம்."

அந்த 'வேணாம்' அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு கான்ட்ராக்ட்காரன் மகள், தன் முகத்துக்கு நேராக!

"உள்வாடகைன்னு டவுன்ஷிப் ஆபீஸ்ல ஒரு பெட்டிஷன் போட்டன்னு வெச்சிக்க, சட்டி பானையத் தூக்கிக்கினு நாளைக்கே நீங்க வடலூர்ல வூடு தேடணும்."

அன்புச்செல்வனுக்கு முகம் வெளிறிப்போனது. "அணைச்சிடும்மா. நமக்கெதுக்கு வம்பு?"

"முடியாதுப்பா." அவள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "பெட்டிஷன் போடறதுன்னா போட்டுக்குங்க சார். திருடினவங்கதான் பயப்படணும். ஏழரை மணிக்கு முன்னாடி இத அணைக்க மாட்டேன்."

கொளஞ்சிநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரே எட்டில் சுவரோரம் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டார். பெட்டி இருண்டது.

"சத்யா! இப்ப பாரும்மா, ஸ்பீடு எப்படி எகிறுதுன்னு!" தன் வீட்டுக்குக் கேட்கக் கத்தினார்.

அடுத்த நிமிஷம் சத்யப்பிரியா வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

"கார்முகில், நெட்டு சுத்தமாப் போயிடுச்சி! ஏழரைக்கு முடியற டெஸ்ட் பாதியில நிக்குது..."

அப்பாவைப் பார்த்தாள். இன்னும் ஸ்விட்ச் மேலேயே இருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"என்னப்பா பண்ணிட்டீங்க? நம்ம லைன் செத்து ஒரு மாசமாச்சி. ரோடு தோண்டறப்ப கேபிள் அறுந்துபோச்சி. புகார் குடுத்தும் இன்னும் யாரும் வரல. நான் எழுதறதெல்லாம் இவங்க வூட்டு நெட்டுலதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அந்த வூட்டுப் படி ஏறக்கூடாதும்பீங்க. அதான் யாரும் சொல்லாதீங்கன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

கொளஞ்சிநாதன் மறு கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தார். அன்புச்செல்வன் வீட்டில் இருந்தபோதெல்லாம் ஸ்பீடு விழுந்தது நிஜம்தான். அவன் காசு கட்டிய ஸ்பீடு. மூன்று வாரம் அதைத்தான் குந்திக்கொண்டு அளந்திருக்கிறார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கார்முகில் அவர் கையை விலக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். பெட்டியில் லைட் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்த் தன் லேப்டாப்பை மூடினாள்.

"ஏய், உனக்கும் இதே டெஸ்ட்தானடி ஓடிக்கிட்டிருந்துது? ஏன் மூடற?" என்றாள் சத்யா.

"மணியாவுது, நீ ஓடு. ரெண்டு பேரும் எழுதினா உனக்கு ஸ்லோவாயிடும்."