ஆடுகிற சக்கரம்

"உன்கிட்ட என்ன பேச்சு? மேனேஜரைக் கூப்பிடும்மா!"

தர்மராஜ் செல்போனில் போட்ட சத்தத்தில், மடியில் தூங்கிய குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வினோதினி பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக் கொடுத்தாள்.

புருஷன் கத்துவது அவளுக்குத் தப்பாகவே படவில்லை. அவளுக்கும்தான் வயிறு எரிந்தது.

பொம்மைக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் இருக்கிறது, குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து தர்மராஜுக்குத் தூக்கம் போய்விட்டது. வீட்டில் இருந்த பிளாஸ்டிக் கிளி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் கொட்டினான். மாமனார் ஆசையாக வாங்கி வந்த பேட்டரி ரயிலும் அதோடு போனது.

"அப்பா வருத்தப்படுவாருங்க."

"படட்டும். எனக்கு எம் புள்ள உசுருதான் முக்கியம்."

அப்புறம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்தார்கள். "இது எத்தனை வயசுக்கு? என்ன சாயம்? சர்ட்டிபிகேட் இருக்கா?" என்று தர்மராஜ் கேட்ட கேள்வியில் கடைக்காரருக்குக் கொட்டாவி வந்ததுதான் மிச்சம். கடைசியில் பெங்களூர் கம்பெனி ஒன்று கிடைத்தது. வேப்பமரம், இயற்கைச் சாயம், ஒரு வயதுக்கு மேல் எந்தக் குழந்தையும் விளையாடலாம் என்று போட்டிருந்தது.

டிப்பர் லாரி வைத்துப் பிழைக்கிற குடும்பம். பிள்ளைக்கும் லாரியே இருக்கட்டும் என்று மரலாரி ஒன்றை ஆர்டர் பண்ணினார்கள். சென்னையில் இருக்கிற வினோதினியின் தங்கை தன் கார்டில் பணம் கட்டினாள்.

இன்று மத்தியானம் கூரியரில் வந்தது. தர்மராஜ் மோந்து பார்த்தான். நகத்தால் சுரண்டினான். நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கியும் பார்த்தான். எல்லாம் சரி, ஒரு சக்கரம் மட்டும் லேசாக ஆடியது. பிடித்து இழுத்தான். இலந்தைப்பழம் அளவிலிருந்த அது கையோடு வந்துவிட்டது.

அதற்குத்தான் இந்தக் கத்தல்.

வாசலில் டிரைவர் தங்கசாமி வந்து நின்றார். "மொதலாளி, வண்டில..."

"இருய்யா! பேசிக்கிட்டிருக்கேன்ல?"

அவர் படியிலேயே நின்றுகொண்டார்.

"சார், லேசான ஆட்டம்தானே சார்? கொஞ்சம் பசை வச்சீங்கன்னா..." என்றது போனில் அந்தப் பெண் குரல்.

"லேசான ஆட்டமா? சக்கரம்மா அது! ஆடுறது எப்ப கழலும்னு யாருக்குத் தெரியும்? தொண்டையில போய் அடைச்சா நீயா வந்து எடுப்ப? வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தரம் ஆட்டிப் பாக்க உங்களுக்கு என்ன கேடு? காசு பாக்குற அவசரம்! அடுத்தவன் புள்ள எக்கேடு கெட்டா உங்களுக்கு என்ன?"

வினோதினியால் சும்மா இருக்க முடியவில்லை. போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, நீயும் ஒரு பொம்பளதானே? உனக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

பேசிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு அப்பன் கிடைக்கப் பிள்ளை கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒருவழியாக மேனேஜர் லைனுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார். வேறு பொம்மை அனுப்புவதாகச் சொன்னார். அந்த மரலாரி விற்பதையே இன்றோடு நிறுத்தி, எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் வெளியே விடுவோம் என்றும் சொன்னார்.

"அப்படி வாங்க வழிக்கு!"

போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான்.

"எம் புள்ளைக்காக மட்டும் கத்தல வினோ. நாம கண்டுபுடிச்சோம். கண்டுபுடிக்காத வூட்டுல என்ன ஆவும்? இவனுங்களை எல்லாம் ஜெயில்ல போடணும்."

"ஆமாங்க."

"என்ன தங்கசாமி?"

தங்கசாமி தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பிரேக்கு சரியா புடிக்க மாட்டேங்குதுங்க. மெக்கானிக் பாத்துட்டு, லைனிங் சுத்தமா தேஞ்சு போச்சு, லோடு ஏத்தாதன்னுட்டாரு. சுண்ணாம்புக்கல்லை ஏத்திக்கிட்டுப் பள்ளிக்கூடத்து எறக்கத்துல எறங்கணும். புள்ளைங்க வெளிய வர்ற நேரம் வேற. இன்னிக்கி ஒரு நாளு வண்டிய நிறுத்திட்டு மாத்திட்டோம்னா..."

"நிறுத்துறதா? சிமெண்டு ஃபேக்டரிக்கு நடை குறைஞ்சா எவன் பதில் சொல்றது? இந்த மாசம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"இல்லீங்க மொதலாளி, காலையிலயே ஒரு பொண்ணு சைக்கிளோட நூலிழையில தப்பிச்சுது."

"ஹாரனை அடிச்சுக்கிட்டே எறங்குய்யா. புள்ளைங்க தன்னால ஒதுங்கும்."

வினோதினியின் உள்ளங்கையில் அந்த மரச்சக்கரம் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க..." என்றாள்.

தர்மராஜ் காதில் அது விழவில்லை. அவன் வாசலுக்குப் போய், ரோட்டோரம் நின்ற லாரியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசந்தான் சிறுவாச்சூர் கோயில்ல வண்டிக்குப் பூசை போட்டு வந்தோம், ஒண்ணும் ஆவாது. முன்னாடி கட்டின எலுமிச்சம்பழம் வாடிக் கெடக்கு பாரு, அதை மட்டும் புதுசா மாத்திக் கட்டிக்கிட்டு வண்டிய எடு!"