எல்லைக் கல் வரைக்கும்

"மடியில இன்னாம்மா?"

கான்ஸ்டபிள் தடியை நீட்டிக் கேட்டான்.

"அரிசி," என்றாள் பாடைக்குப் பின்னால் வந்த மகள்.

பறை நின்றது. பாடையைச் சுமந்த நாலு பேரும் நின்றார்கள். சாலைக்குக் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாலம். பாலத்தின் நடுவில் எல்லைக் கல். கல்லைத் தாண்டினால் வேறு மாநிலம்.

அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனபோது மூங்கிலும் இல்லை, கல்லும் இல்லை. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே தாலுகா. எல்லாருக்கும் இடுகாடு அக்கரை மேட்டில்தான். ஏரிக்கரை கட்ட வந்த ஒட்டர்கள், ஆட்டோடு வந்த தெலுங்குக்காரர்கள், நெல் விதைத்த தமிழர்கள், இவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே இருந்த இருளர்கள். ஆளுக்கொரு மூலை.

பிறகு மாநிலம் பிரித்தபோது தாலுகாவை ஆற்றோடு இரண்டாக்கினார்கள். மேடு அந்தப் பக்கம் போய்விட்டது.

அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதுதான் அப்பா பெத்தய்யன் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அரிசி அந்தாண்ட போவக் கூடாதும்மா. ஒரு பிடி கூட உடக் கூடாதுன்னு ஆர்டர்."

"வாய்க்கரிசிய்யா," என்றார் பாடையின் பின்கொம்பைத் தாங்கியிருந்த தாய்மாமன் நரசிம்மலு.

"போன மாசம் பாடையிலயே ரெண்டு மூட்டை போச்சு. மாலையைப் போட்டு, ஒப்பாரி வச்சுக்கினு தூக்கினு போனாங்கோ. இங்க இருந்தவனுக்கு வேலை பூடுச்சு."

பாடையைப் பார்த்தான். மேலே போர்த்தியிருந்த துணியைப் பார்த்தான். அதை விலக்கச் சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்குப் புரிந்தது.

"எறக்குங்க மாமா."

வழியில் இறக்கக் கூடாது என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் இறக்கினார்கள். அவளே குனிந்து துணியை விலக்கினாள்.

தாடையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. நெற்றியில் காசு. வாழ்நாளெல்லாம் கல் உடைத்த முகம். உச்சி வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்தான். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் வைத்துக்கொண்டான்.

"மூடிடும்மா."

அவள் மூடவில்லை.

மகன் இல்லாத வீடு. முதல் பிடி யார் போடுவது என்று காலையிலிருந்து பேச்சு. பெரியப்பன் மகனா, சித்தப்பன் மகனா. பொம்பளை இடுகாட்டுக்கு வரலாமா என்று இன்னொரு பேச்சு. அவள் மடியில் அரிசியைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்திருந்தாள்.

இப்போது சாலையில் மண்டியிட்டாள். மடியை அவிழ்த்தாள். ஒரு பிடி எடுத்து அப்பாவின் உதட்டில் போட்டாள். மறுபடியும். மறுபடியும்.

யாரும் தடுக்கவில்லை.

நரசிம்மலு வந்து மடியில் கையைவிட்டார். பிறகு பங்காளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

மிச்சத்தை ரோட்டோரம் உதறினாள். காலி மடியை விரித்துக் காட்டினாள்.

கான்ஸ்டபிள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மூங்கிலைத் தூக்கினான்.

பாடையைத் தூக்கினார்கள். இளவட்டங்களெல்லாம் சூளை வேலைக்குப் போயிருந்தார்கள். வந்திருந்த அத்தனை பேரும் நரைத்தவர்கள். பாலத்தில் ஏறியதும் நரசிம்மலுவுக்கு முழங்கால் மடங்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது.

"பட்டுகோ! பட்டுகோ!"

பிடி, பிடி என்று தெலுங்கில் கத்திக்கொண்டே ஓடிவந்து கான்ஸ்டபிள் தோளைக் கொடுத்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை தமிழில் பேசியவன்.

உனக்கு எந்த ஊரப்பா என்று நரசிம்மலு மூச்சு வாங்க, தங்கள் வீட்டுத் தெலுங்கில் கேட்டார். அவன் மோவாயால் அக்கரையைக் காட்டினான். பாடையை விடாமல் நடந்தான். அவன் பூட்ஸ் மட்டும் பாலத்தில் சத்தமாகக் கேட்டது.

கல் வந்தது.

நின்றான்.

"யூனிபார்ம் இதுக்குமேல வரக் கூடாதும்மா."

நரசிம்மலு பின்தங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால், மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவனுக்கும் கொம்புக்கும் நடுவே நுழைந்து தோளைக் கொடுத்தாள்.

அவன் விலகிக்கொண்டான்.

பாரம் முழுவதும் இறங்கியது. அவள் மற்றவர்களைவிடக் குள்ளம். பாடை அவள் பக்கமே சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைத் தாண்டிக் காலெடுத்து வைத்தாள். இன்னொரு அடி. அக்கரை மேட்டில் குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு எழுந்து நிற்பது தெரிந்தது.

லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

பூட்ஸ் சத்தம் திரும்பிப் போகும் என்று நினைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள்.

திடீரென்று அவள் தோளில் பாரம் குறைந்தது. பின்னாலேயே பூட்ஸ் சத்தம் கூட வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.