பக்கத்து வீட்டு ரேடியோ

"செல்லையா வீட்டுக்குப் பக்கத்து வீடுதான் வேணும் சார்."

நிலச்சரிவில் வீடிழந்தவர்களுக்கான புது வீடுகளின் வரைபடத்திலிருந்து அதிகாரி குணாளன் நிமிர்ந்தார்.

"உங்க ரேடியோ சத்தம் தாங்கலேன்னு எஸ்டேட் மேனேஜர்கிட்ட மூணு தடவ புகார் கொடுத்தவரும்மா அவரு. அதான் உங்கள அடுத்த வரிசையில போட்டேன். மறுபடியும் சண்டை வேணாம்லா!"

திலகம் விடவில்லை.

"மலை சரிஞ்ச அன்னிக்கு நான் டவுனுக்குப் போயிட்டேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. 'பாட்டு பாதியில நின்னு போச்சு, திலகம் உள்ளதான் இருக்கு'ன்னு கத்திக்கிட்டே மண்ணைத் தோண்டினது அவருதான்."

குணாளன் பெயரை மாற்றி எழுதினார்.

"ஆனா இது செங்கல் சுவரும்மா. பக்கத்து வீட்டுக்குச் சத்தமே கேக்காது."

"எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மட்டும், பழைய லயத்து வீட்டுல இருந்த மாதிரி பலகைச் சுவரே போட்டுடுங்க சார்."