கடைசிப் பூச்சு

கராஜில் இருந்தவர்கள்: சிவராமகிருஷ்ணன், அவன் மனைவி ஜலஜா, அவன் மேனேஜர் டேல். பெஞ்சின் மேல் ஒரு புதுத் துப்பாக்கி. டேலுடைய மச்சானின் துப்பாக்கி.

"சிவா, நீ பெயின்ட் பண்ணின என் துப்பாக்கியைப் பார்த்துட்டு வேட்டைக் கூடாரமே வாயைப் பிளந்தது!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார் டேல். "காய்ஞ்ச புல்லுல வச்சுட்டு நானே தேடினேன்!"

சிவராமகிருஷ்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பழுப்பு அடித்து, அதன்மேல் ஓக் இலைகளை ஒட்டி, பச்சையும் கறுப்பும் ஸ்ப்ரே அடித்து, இலையை உரித்தால் அதன் உருவம் இரும்பிலேயே தங்கிவிடும். ஹூஸ்டனில் இந்த வேலை வேறு எவனுக்கும் வராது என்பது அவன் கட்சி.

ஜலஜா டேலைப் பார்த்துச் சிரித்தபடியே புருஷனைத் தமிழில் பிடித்தாள்.

"முட்டைகூட வாங்காத ஆத்துல துப்பாக்கிக்கு அலங்காரமா? அந்த மான் உங்களை என்ன பண்ணித்து? சுடறது அவரானாலும் பாவத்துல பாதி உங்களுக்குத்தான்!"

"மேடம் என்ன சொல்றாங்க?"

"கலர் பிரமாதமாம்."

"பார்த்தியா!" என்று டேல் தொடையில் தட்டிக்கொண்டார்.

"கிரீன் கார்டு பேப்பர் இவர் மேஜைலதான் இருக்கு, ஜலஜா. ஆயில் கம்பெனியெல்லாம் ஆளைத் துரத்திண்டிருக்கிற நேரத்துல முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"பேப்பருக்காகக் கொலைக்குத் துணை போவேளா? இன்னொண்ணு அடிச்சேள்னா பூஜை ரூம் பக்கம் வரப்படாது. எனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை. பெருங்காய டப்பாவை வேற காணோம், அதுக்கும் ஹில்கிராஃப்ட் இந்தியன் கடைக்கு ஓடணும்."

டேல் பெருமூச்சு விட்டார். "என்ன, இந்த சீசன்ல ஒரு மான்கூட மாட்டலை. தூரத்துலயே தலையைத் தூக்குது, மூக்கை உறிஞ்சுது, ஓடிப் போயிடுது. காத்து சரியில்லை. அதை விடு. இதுவும் அப்படியே வரணும். அதே பெயின்ட், அதே வார்னிஷ். கூடாரத்துல இன்னும் நாலு பேர் கேக்கறாங்க."

"எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லுங்க!" என்றான் சிவராமகிருஷ்ணன், மீசையைத் தடவிக்கொண்டு.

ஜலஜாவின் சிரிப்பு செத்துப்போனது.

டேல் அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு வாசலுக்குப் போனார். அவருக்குக் கையாட்டிக்கொண்டே சிவராமகிருஷ்ணன் தமிழில் சொன்னான்:

"உன் பெருங்காய டப்பா ஸ்ப்ரே கேனுக்குப் பின்னாடி இருக்கு. கடைசிப் பூச்சு வார்னிஷ்ல அதைத்தான் கரைச்சேன். காய்ஞ்சா மனுஷ மூக்குக்குத் தெரியாது, மானுக்கு அரை மைல்லயே தெரியும். ஹில்கிராஃப்ட்ல பெரிய டப்பாவா அஞ்சு வாங்கு."

ஜலஜா இப்போது நிஜமாகவே சிரித்து, டேலுக்கு இரண்டு கையையும் ஆட்டி, அவர் வெளியே கால் வைத்ததும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.